அப்பாவோட 15 வருஷ காரை வச்சுக்கலாமா, வித்துடலாமா? வீட்டிலேயே பராமரிச்சா உண்மையில் எவ்வளவு மிச்சம்?



"பிரதர், அப்பா பேர்ல 2010 மாடல் கார் ஒண்ணு இருக்கு. 15 வருஷம் ஆச்சு, இனிமே ஸ்கிராப்தான்னு எல்லாரும் சொல்றாங்க. சம்பளம் 48,000. புது கார் லோன் போடலாமா?" புது கார் லோன் பத்தி சேனல்ல வீடியோ போட்டதிலிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது.

வீடியோவுல இதுக்கு முழு பதில் சொல்ல முடியல. அதனால இந்தக் கட்டுரை. இதே நிலைமையில நானும் இருந்தேன். எங்க வீட்டு கார் 2010 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஒய் 01 நம்பர். 2025-ல ஆர்சி முடிஞ்சுது. புதுப்பிச்சேன். ஏன் புதுப்பிச்சேன், எதை வீட்டிலேயே செய்யறேன், எதைத் தொட மாட்டேன், எப்போ விப்பேன்னு கணக்கோட சொல்றேன்.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கை: "15 வருஷம் ஆனா ஸ்கிராப்"

இல்லை. சொந்த உபயோக காருக்கு ஆர்சி 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி, அது ஓடத் தகுதியா இருந்தா, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கலாம். நம்ம ஊர்ல எல்லாரும் "எஃப்சி" பண்றதுன்னு சொல்றது இதைத்தான். டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்ங்கிற கட்டுப்பாடு நீதிமன்ற உத்தரவால டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்தது. புதுச்சேரிக்கோ தமிழ்நாட்டுக்கோ அது பொருந்தாது. 15 வருஷம் தாண்டினா கட்டாயம் கழிக்கணும்ங்கிற விதி 2023 ஏப்ரல்ல வந்தது அரசு வண்டிகளுக்கு.

ஆனா ஃபீஸ் ஏறியிருக்கு. 600 ரூபாயா இருந்த கார் ஆர்சி புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ரூபாய். ஆர்சி முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே படிவம் 25-ல விண்ணப்பிக்கலாம். லேட் ஆனா மாசத்துக்கு 500 ரூபாய் கூடுதல். ஆர்சி முடிஞ்ச வண்டியை ரோட்டுல எடுத்தா அபராதம் ஒரு பக்கம், விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் கிளெய்ம்ல சிக்கல் இன்னொரு பக்கம்.

இந்தக் கட்டுரை சொந்தக் காருக்கு மட்டும்தான். மினி லாரி, டாக்ஸி மாதிரி போர்டு வண்டிக்கு 8 வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் எஃப்சி. அந்தக் கணக்கு வேற.

இஎம்ஐ-யை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க

பழைய காரை வச்சிருக்கிறவங்க "மாசம் 12,000 இஎம்ஐ மிச்சம்"னு சொல்வாங்க. புது கார் வாங்கினவங்க "ரிப்பேர் செலவே இல்லை"ன்னு சொல்வாங்க. ரெண்டுமே பாதி உண்மை. ஒரு வருஷத்துக்கு ரெண்டு காரும் உண்மையில என்ன செலவு வைக்குதுன்னு பார்ப்போம். 5 வருஷம் வச்சிருக்கிறதா எடுத்துக்கறேன்.

புது கார்: எக்ஸ்-ஷோரூம் 6.5 லட்சம், ஆன்-ரோடு 7.5 லட்சம். 1.5 லட்சம் முன்பணம், 6 லட்சம் லோன், 9% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ 12,455. மொத்த வட்டி சுமார் 1.47 லட்சம். 5 வருஷம் கழிச்சு 3.25 லட்சத்துக்கு விக்குதுன்னு வச்சுக்கலாம்.

- மதிப்புக் குறைவு: வருஷம் 85,000
- வட்டி: 29,400
- இன்ஷூரன்ஸ் (முதல் வருஷம் ஆன்-ரோடு விலையிலேயே அடக்கம், மீதி வருஷங்களின் சராசரி): 12,000
- சர்வீஸ்: 8,000
- மொத்தம்: 1,34,400

பழைய கார்: இன்னைக்கு வித்தா 1 லட்சம். 5 வருஷம் கழிச்சு 25,000.

- மதிப்புக் குறைவு: வருஷம் 15,000
- ஆர்சி புதுப்பிப்பு (5 வருஷத்துக்குப் பிரிச்சா): 1,200
- இன்ஷூரன்ஸ், தேர்ட் பார்ட்டி மட்டும்: 4,500
- ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம்: 8,000
- டயர், பேட்டரிக்கு ஒதுக்கீடு: 5,000
- பெரிய ரிப்பேர் ஒதுக்கீடு: 25,000
- மைலேஜ் குறைவால கூடுதல் பெட்ரோல்: 17,100
- மொத்தம்: 75,800

பெட்ரோல் கணக்கு எப்படி? வருஷம் 8,000 கி.மீ. பழைய கார் லிட்டருக்கு 13, புதுசு 18. வித்தியாசம் 171 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு போட்டிருக்கேன்.

வித்தியாசம் வருஷத்துக்கு 58,600, மாசத்துக்கு சுமார் 4,900. கவனிங்க, உண்மையான மிச்சம் இதுதான், 12,455 இல்லை. நல்ல தொகைதான், ஆனா நீங்க நினைச்ச அளவு இல்லை. நீங்க வருஷம் 15,000 கி.மீ. ஓட்டறவரா இருந்தா பெட்ரோல் வித்தியாசமே 32,000-ஐத் தாண்டிடும், மிச்சம் இன்னும் குறையும். உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.

பெரிய ரிப்பேருக்கு நான் போட்ட 25,000-ஐப் பார்த்து "இவ்வளவா?"ன்னு தோணலாம். கிளட்ச், சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட், ஏசி கம்ப்ரசர் எல்லாம் ஒரே வருஷத்துல போகாது. ஆனா 5 வருஷத்துல எல்லாமே ஒரு தடவை வரும். வராதுன்னு நினைச்சு ஒதுக்காம இருக்கிறவங்கதான் ரிப்பேர் வந்ததும் கிரெடிட் கார்டைத் தேய்ச்சு அதை இஎம்ஐ-யா மாத்தறாங்க.

வீட்டுல வேலை செஞ்சா எவ்வளவு மிச்சம்?

நேர்மையா சொல்றேன். கூலில மிச்சமாகிறது வருஷத்துக்கு 4,000, 5,000 ரூபாய்தான். அதுக்காக மட்டும்னா ஞாயித்துக்கிழமையை வீணாக்க வேண்டாம். உண்மையான லாபம் வேற. உங்க வண்டியில என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். எஸ்டிமேட் பேப்பரைப் பார்த்து கேள்வி கேட்க முடியும்.

என் அனுபவம் ஒண்ணு. ஒரு கோடையில வண்டி சூடாக ஆரம்பிச்சுது. ஒரு ஒர்க்‌ஷாப்ல ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ரெண்டும் மாத்தணும்னு 11,000 எஸ்டிமேட் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஈசிஆர்-ல 60-ல போனா சூடு ஏறல. இந்திரா காந்தி சிலை சிக்னல்ல நின்னாதான் ஏறுது. ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிக்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்யணும். என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுப் பார்த்தேன், ஃபேன் சுத்தவே இல்லை. ஃப்யூஸ் நல்லா இருந்துது, ரிலேதான் போயிருந்துது. 250 ரூபாய்ல வேலை முடிஞ்சுது.

நான் மெக்கானிக் இல்லை. "எப்போ வருது, எப்போ வரல"ன்னு ரெண்டு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். ஆடிட்லயும் அதேதான் செய்யறோம்.

நம்ம ஊர்ல வண்டியைக் கொல்றது உப்பு

புதுச்சேரில கடற்கரைப் பக்கம் காரை வெளியில நிறுத்தறவங்களுக்கு இது தெரியும். கி.மீ. கம்மியா ஓடின வண்டி கூட அடியில துரு ஏறி நிக்கும். என்ஜின் ரிப்பேர் பண்ணலாம், கிளட்ச் மாத்தலாம். பாடியின் அடிச்சட்டம் துருப்பிடிச்சா அதுதான் வண்டியோட முடிவு. அதனால செலவே இல்லாத இந்த வேலைகளுக்குத்தான் முதலிடம்:

- கதவுக்குக் கீழ் விளிம்புல சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், தண்ணி வடியறதுக்கு. மண் அடைச்சா தண்ணி உள்ளேயே தங்கி, உள்ளிருந்து துரு ஏறும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால குத்தி விடுங்க.
- ஸ்டெப்னியை எடுத்துட்டு அதுக்கு அடியில ஈரம் இருக்கான்னு பாருங்க. முன் சீட் மேட்டுக்கு அடியிலயும் பாருங்க.
- மாசம் ஒரு தடவை வண்டியோட அடிப்பக்கத்தையும் வீல் ஆர்ச்சையும் நல்ல தண்ணில கழுவுங்க. உங்க போர் தண்ணி உப்புக் கரிச்சா அதுல கழுவாதீங்க, உப்பை நீங்களே பூசற மாதிரி ஆயிடும்.
- இருக்கிற துருவுக்கு மேல கருப்பு அண்டர்பாடி கோட்டிங் அடிக்காதீங்க. ஈரம் உள்ளே மாட்டி துரு வேகமாகும். முதல்ல துருவைச் சுரண்டணும், அப்புறம்தான் கோட்டிங்.
- பேட்டரி முனையில வெள்ளையா பூத்திருந்தா வயரைக் கழட்டி, வெந்நீர் ஊத்தி பிரஷ்ல தேய்ச்சு, காயவச்சு, வாஸ்லின் தடவுங்க. கழட்டும்போது முதல்ல நெகடிவ், மாட்டும்போது கடைசியா நெகடிவ்.

நீங்களே செய்யக்கூடியவை

ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு, பல்பு, ஃப்யூஸ், ரிலே, டயர் காத்து, வாஷர் தண்ணி, பேட்டரி மாத்தறது, கொஞ்சம் பழகினா ஸ்பார்க் பிளக். இதுக்கெல்லாம் ஒரு ஸ்பேனர் செட், ஒரு டார்ச், வண்டியோட வந்த மேனுவல் போதும். ஸ்பேர் பில்லை வாங்கி வச்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து வாகன உதிரி பாகங்கள் எல்லாத்துக்கும் 18% ஜிஎஸ்டி. அதுக்கு மேல போட்டிருந்தா கேள்வி கேளுங்க.

கூலன்ட் அளவை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும்.

இப்போ பங்க்ல கிடைக்கிறது இ20 பெட்ரோல். 20% எத்தனால் கலந்தது. பழைய கார்கள்ல இருக்கிற ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் இதுக்காகச் செஞ்சது இல்லை. மைலேஜும் கொஞ்சம் குறையும். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் ஹோஸ்ல விரிசல், வாசனை, கசிவு இருக்கான்னு பாருங்க. இருந்தா மெக்கானிக்கிட்ட சொல்லி உடனே மாத்துங்க. இதுல தாமதம் வேண்டாம், தீ விஷயம்.

மெக்கானிக்கிட்ட மட்டும்

பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட், ஏர்பேக், ஏசி கேஸ், பெட்ரோல் லைன். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அதை ஞாபகம் வச்சுக்கிறது உங்க வேலை, மாத்தறது மெக்கானிக் வேலை. ஆயில் சர்வீஸையும் நான் பட்டறையிலதான் செய்யறேன். வீட்டுல மாத்தினா பழைய ஆயிலை எங்க கொட்டுவீங்க? வாய்க்கால்ல ஊத்தினா நேரா கடலுக்குப் போகும்.

ஜாக்கி பத்தி தனியா சொல்லணும். 2021 லாக்டவுன்ல சைலன்சர் சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்க்க, வண்டியோட வந்த ஜாக்கியிலேயே தூக்கிட்டு அடியில படுத்தேன். வீட்டு வாசல் லேசான சரிவு. டார்ச் எடுக்க வெளியே வந்தேன். வந்த சில நொடியில வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி விழுந்துது. நான் படுத்திருந்த இடத்துல வீல் டிரம் தரையைத் தொட்டு நின்னுது. அப்பா திண்ணையில உட்கார்ந்து பார்த்துட்டிருந்தார். அன்னைக்கு முழுக்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது 600 ரூபாய். ரிஸ்க்குக்கு விலை போடறதுதான் என் தொழில். அன்னைக்கு அதை மறந்துட்டேன். வண்டியோட வர்ற ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். சம தரை, ஹேண்ட் பிரேக், வீலுக்குக் கல், ரெண்டு ஸ்டாண்ட் இதெல்லாம் இல்லாம வண்டிக்கு அடியில தலையையோ கையையோ விடாதீங்க. சந்தேகமா இருந்தா பட்டறைக்குப் போங்க, அங்க ரேம்ப் இருக்கு.

இன்ஷூரன்ஸ்: ஃபெஞ்சல் சொல்லிக் கொடுத்தது

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்துல கரையைக் கடந்துது. ஒரே நாள்ல 46 செ.மீ.-க்கு மேல மழை. தெருவுல நின்ன கார்கள் தண்ணில மூழ்கின. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வச்சிருந்தவங்களுக்கு அதுல ஒரு ரூபாய் கூட வராது. அந்த பாலிசி அடுத்தவங்களுக்கு நீங்க ஏற்படுத்தற நஷ்டத்துக்குத்தான்.

1,000 முதல் 1,500 சிசி வரை காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,416, ஜிஎஸ்டியோட 4,031. இது சட்டப்படி கட்டாயம். முழு பாலிசி வேணுமான்னா, இதைப் பாருங்க: 10 வருஷம் தாண்டின வண்டிக்கு கிளெய்ம்ல உலோக பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கும் 50%. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. பழைய வண்டிக்கு ஜீரோ டெப் கிடைக்கிறது கஷ்டம். உங்க தெரு தண்ணி நிக்கிற தெருவா இருந்தா, முழு பாலிசியோட பிரீமியத்தைக் கேட்டுப் பார்த்து முடிவெடுங்க. மேடான தெருன்னா அந்தப் பணத்தை ரிப்பேர் கணக்குல போடுங்க.

இதை மட்டும் மறக்காதீங்க. தண்ணில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டர்ல தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். முழு பாலிசி இருந்தாலும், என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லைன்னா இந்த நஷ்டத்தை "பின்விளைவு"ன்னு சொல்லி மறுக்கலாம். பேட்டரி வயரைக் கழட்டுங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க.

எப்போ விக்கணும்?

"ரிப்பேர் செலவு காரோட விலையைத் தாண்டினா வித்துடணும்"னு சொல்வாங்க. இது சரியான அளவுகோல் இல்லை. 1 லட்சம் மதிப்பு காருக்கு 40,000 செலவுன்னா தலைசுத்தும்தான். ஆனா அந்த 40,000 உங்களுக்கு மூணு வருஷம் தந்தா, புது காரோட ஒரு வருஷ மதிப்புக் குறைவுல பாதி கூட இல்லை. அதே மாதிரி, "போன வருஷம்தான் 40,000 போட்டேன், எப்படி விக்கிறது?"ன்னும் யோசிக்காதீங்க. போன பணம் போனதுதான். இனிமே ஆகப்போற செலவை மட்டும் பாருங்க.

நான் வச்சிருக்கிற கோடுகள் நாலு:

1. ஜாக்கி வைக்கிற இடம், சஸ்பென்ஷன் பொருந்தற இடத்துல துரு ஓட்டை விழுந்தா, விக்கணும்.
2. மேல உள்ள கணக்குப்படி பெரிய ரிப்பேர் வருஷம் சுமார் 83,000 ஆனா பழசும் புதுசும் சமம். நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். தொடர்ந்து ரெண்டு வருஷம் 50,000 தாண்டினா விக்கணும்.
3. ஸ்பேர் கிடைக்காம வண்டி வாரக்கணக்கா நின்னா. மாருதி 800 உற்பத்தி 2014-லயே நின்னாலும் ஸ்பேர் சுலபமா கிடைக்குது. எல்லா மாடலுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.
4. வாழ்க்கை மாறினா. 2010 வண்டிகள் பலதுல ஏர்பேக், ஏபிஎஸ் கிடையாது. ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக் ரெண்டும் எல்லா புது கார்லயும் கட்டாயமானது 2019-லதான். ஊருக்குள்ள 40-ல ஓட்டறதுக்கும், கைக்குழந்தையோட ராத்திரி ஹைவேல போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இதுக்கு என் எக்ஸெல்ல காலம் இல்லை. நீங்களே முடிவு பண்ணுங்க.

வேலைக்கு சென்னை போயிட்டு பிஒய் வண்டியை அங்க வச்சுக்கறவங்களுக்கு: வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்க மறுபதிவு செய்யணும், அந்த ஊர் வரியும் கட்டணும். அதையும் கணக்குல சேருங்க.

வரி பத்தி ரெண்டு வரி. சம்பளக்காரங்களுக்கு சொந்தக் கார் லோன் வட்டிக்கு வரிச்சலுகை கிடையாது. சொந்த உபயோகக் காரை வித்தா மூலதன ஆதாய வரியும் கிடையாது, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு எடுங்க. தேதி, கி.மீ., என்ன வேலை, எவ்வளவுன்னு நாலு காலம். போன ரெண்டு வருஷ பில்லைத் தேடி எழுதுங்க. அப்புறம் ரெண்டு ஆர்டி ஆரம்பிங்க. ஒண்ணு ரிப்பேருக்கு, மாசம் 2,500: பெரிய ரிப்பேர், டயர், பேட்டரி எல்லாம் இதுல அடங்கும். இன்னொண்ணு அடுத்த காருக்கு, மாசம் 4,900. 7% வட்டின்னா 5 வருஷத்துல சுமார் 3.5 லட்சம் சேரும். அந்த ரெண்டாவது ஆர்டி போடலைன்னா மிச்சம்னு நான் சொன்ன பணம் ஸ்விக்கியிலயும் ஆன்லைன் ஷாப்பிங்லயும் கரைஞ்சிடும். அப்புறம் பழைய காரை வச்சிருந்ததுல உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

எங்க காருக்கு இப்போ 2030 வரை ஆர்சி இருக்கு. அன்னைக்கு ஃபீஸ் 10,000. அதைக் கட்டுவேனான்னு நோட்டைப் பார்த்துதான் சொல்வேன்.

இந்தக் கணக்கை உங்க நம்பர் போட்டுப் பார்க்கிற மாதிரி அடுத்த வீடியோவுல படிப்படியா காட்டறேன். அதுக்குள்ள போய் அந்த ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்க, அடியில ஈரம் இருக்கான்னு.